ஜோலீன் பள்ளிக்கூடத்துக்குத் தயார்

மதிப்புக்குரிய 'பைன் ஃபோர்க் வாரச் செய்தி' ஆசிரியர் கிளைட் பர்டெட் அவர்களுக்கு, கூப்பர் சாலை லீலண்ட் ஹாஸ்கெல் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் வயிறு இப்போது தேவலை என்றும், தேவாலய விருந்துக்கு நான் கொண்டுவந்த பீன்ஸ் அதற்குக் காரணமில்லை என்றும் நம்புகிறேன்.

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மைத்துனன் டுவெய்ன் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். போன சனிக்கிழமை என் மனைவி கார்லாவின் துணி அலமாரிக்குள், அவளுடைய குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே, ஐந்து வயது மகள் ஜோலீனை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தேன். காரணம் பள்ளிக்கூடம்தான். பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடவும் பெயர் எழுதவும் பிறந்தநாள் சொல்லவும் பெற்றோர்தான் கற்றுத்தர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கூடவே, யாராவது துப்பாக்கியோடு உள்ளே வந்தால் இருட்டில் சத்தமில்லாமல் உட்காரவும். பொத்தானை கார்லா எடுத்துக்கொண்டாள். இருட்டு என் பங்குக்கு வந்தது. பூச்சி உருண்டை வாசனையில் நான் தும்மித் தொலைத்தேன்.

"அப்பா, சத்தம் போட்டுட்ட. இப்ப நீ செத்துட்ட," என்றாள் ஜோலீன்.

"அப்ப நீ?"

"நான் உன் பின்னால ஒளிஞ்சுக்குவேன். நீதான் பெருசா இருக்கியே."

சிரித்தேன் ஐயா. சிரித்துவிட்டு அவளைத் தூக்கி என் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்தேன், முழுசாக மறைகிறாளா என்று பார்க்க.

திங்கட்கிழமை சேர்க்கைக்குப் போனோம். பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் ஓப்பல் ஹிக்கின்ஸ் டீச்சர். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவன் அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லி உங்கள் பத்திரிகையில் எழுதினாரே, அவரேதான். அதற்கு மறுவாரமே 'பொறுப்புள்ள அப்பனுக்குச் சட்டம் எதற்கு?' என்று நான் பதில் எழுத, நீங்களும் அதைக் கட்டம் கட்டிப் போட்டு, அன்றிலிருந்து முடிவெட்டும் கடையில் என் பெயரே 'பொறுப்பு' ஆகிவிட்டது. டீச்சர் மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஜோலீனிடம் பிறந்தநாள் கேட்டார். அவள் மாதம், தேதி, வருஷம் எல்லாவற்றையும் எண் எண்ணாக, விரலால் மேஜையைக் குத்திக் குத்திச் சொன்னாள். நான் பழைய தொலைபேசியின் பொத்தான்களை அமுக்க வைத்துப் பழக்கியது அது. பெருமையில் எனக்குச் சட்டை இறுகியது.

"நல்லா தயார் பண்ணியிருக்க லீலண்ட்," என்றார் டீச்சர். "ஒண்ணே ஒண்ணுதான். இந்த விளக்கு மினுக்குற ஷூ மட்டும் வேணாம். இருட்டுல காட்டிக் குடுத்துடும்."

"யாருக்கு?" என்று கேட்டாள் ஜோலீன்.

டீச்சர் குனிந்து, அவிழாத நாடாவையே மறுபடி கட்டிவிட்டார். வண்டியில் திரும்பும்போது ஜோலீன் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் கொல்லையில் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். கார்லா கூப்பிட்டாள். கத்தவில்லை, மெதுவாகக் கூப்பிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் என்னை மெதுவாகக் கூப்பிட்டதே கிடையாது. போய்ப் பார்த்தால் படுக்கையறையில் என் இரும்புப் பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. எண் போட்டால்தான் திறக்கும் பெட்டி ஐயா, மலிவுச் சாமானில்லை. அதற்குள்ளே மினுக்கிக்கொண்டிருந்தது அந்த ஷூ ஜோடி. துப்பாக்கி கட்டில்மேல், என் தலையணையில், கழுத்துவரை போர்த்தி.

"என் பொறந்தநாளப் போட்டேன், திறந்துக்கிச்சு!" என்றாள் ஜோலீன். "ஆபத்தானது எல்லாம் இதுலதான வைக்கணும்? ஷூவுக்கு இடம் பத்தல. அதான் அத எடுத்துத் தூங்க வச்சேன்."

தோட்டா உள்ளேதான் இருந்தது. தோட்டாவை எடுத்துவிட்டு வைத்தால் திருடன் வரும்போது என்ன செய்வது என்று உங்கள் பத்திரிகையில் கேட்டவனும் நானே. துப்பாக்கியைக் கையில் எடுக்கவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. கார்லா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள் இருட்டும்வரை உள்ளே வரவில்லை. நான் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு மினுக்கியது.

மறுநாள் முடிவெட்டும் கடையில் சும்மா பேச்சுவாக்கில், "உங்க பெட்டிக்கெல்லாம் என்ன எண்ணுப்பா?" என்று கேட்டேன். எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"சொல்ல வேணாம். பிள்ளை பொறந்தநாளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்தவர் கழுத்துத் துணியோடு எழுந்து, "அடுப்ப அணைச்சேனா தெரியல," என்று கிளம்பினார்; ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேருக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. எங்களுக்கெல்லாம் மறக்காத தேதி அது ஒன்றுதானே ஐயா. கல்யாண நாளை வைத்திருந்தால் நாங்களே திறக்க முடியாது.

ஆகவே தாங்கள் தயவுசெய்து அச்சிட வேண்டியது: என் பழைய கடிதத்தில் 'பொறுப்புள்ள' என்ற சொல்லை அடித்துவிடவும். சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க ஆரம்பித்ததையே டீச்சரிடம் சொல்லிவிட வேண்டாம். ஆனால் துப்பாக்கி இனி என் வீட்டில் இல்லை. நேற்றே கொண்டுபோய் டுவெய்னிடம் கொடுத்துவிட்டேன். பெட்டியும் வேண்டுமா என்று கேட்டேன்.

"பெட்டி எதுக்கு மச்சான்? எங்க வீட்டுல பிள்ளையா குட்டியா? கட்டில் பக்கத்து டிராயர்ல கிடக்கட்டும் போ," என்றான்.

வாசலுக்கு வந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நேற்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன். தங்களுக்கும் தங்கள் மனைவிக்கும் ஆண்டவர் குறைவில்லாத ஆரோக்கியம் தரட்டும். பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் பெருகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
லீலண்ட் ஹாஸ்கெல்

பி.கு.: வரும் வாரத்திலிருந்து என் பத்திரிகையை டுவெய்ன் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், தினமும் சாயங்காலம் நான் அங்கே போவேன். பள்ளி விட்டதும், நாங்கள் வேலை முடிந்து வரும்வரை, ஜோலீன் அங்கேதான் இருப்பாள்.