போத்தல் நானாவின் காது

கண்டியில் எமனை நேருக்கு நேர் பார்த்துத் திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் எருமையில் வரவில்லை. மடவளையிலிருந்து முதல் பஸ்ஸில், அளவுக்கோடு போட்ட கண்ணாடிப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். வெறுங்கால். பக்கத்தில் வந்து நிற்கும்வரை சத்தமே கேட்காது.

ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளின் மூத்திரத்தை அளந்து சொல்வது அவர் உத்தியோகம். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; போத்தல் நானா என்றால் டாக்டரும் திரும்பிப் பார்ப்பார். அளப்பதற்கு முன் நம் முதுகில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பிணத்தின் காதுகூட அவ்வளவு குளிராது. "மூணாம் விலா வரைக்கும் தண்ணி நிக்கிது" என்பார். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்த மனிதர் அல்லவா, பிறகு அந்தத் தண்ணீரிடமே பேசுவார்: "இறங்கு, இறங்கு. இதுக்கு மேல பஸ் போகாது."

ஒருநாள் டாக்டரின் மோட்டார் காரிலும் காதை வைத்து, "இதுல தண்ணி காணாது" என்றார். டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். பேராதனை போய்ச் சேருமுன் கார் ஆவி கக்கி நின்றுவிட்டது. அதன் பிறகு அந்தக் காதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்போது துணிக்கடைக் கிளார்க். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தைக் கெடுத்திருந்தது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தேன். நெஞ்சுக்குள் கேத்தல் கொதிக்கிற சத்தம்.

பக்கத்துக் கட்டிலில் பன்வில தோட்டத்துக் கங்காணி. அவர்தான் என் காதில் போட்டார்.

"கவனிச்சீங்களா தம்பி? புது ஊசின்னு சொல்லி, இந்த நானா போத்தல எந்தக் கட்டிலுக்குக் கீழ வைக்கிறாரோ, அந்தக் கட்டிலு ரெண்டு நாள்ல காலி. விடிஞ்சு பாத்தா துப்பட்டிய மாத்திப் போட்டிருக்காங்க. இதோட நாலு பேரு."

அடுத்த நாள் மத்தியானமே மழை இருட்டிக்கொண்டது. வாவிப் பக்கமிருந்து வந்த பனிமூட்டம் ஜன்னல் வழியாக வார்டுக்குள் நுழைந்தது. அதற்குள்ளிருந்து அவர் வந்தார். முதுகில் அந்தக் காது ஒட்டியது. வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு குனிந்து, போத்தலை என் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"அந்த மூணாவது தலகாணிய எனக்குன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி" என்றார் கங்காணி.

"எனக்கு ஊசி வேணாம் நானா" என்றேன். இருந்த பாதி மூச்சும் பயத்தில் போய்விட்டது. "நாலு பேரை எங்க அனுப்பினீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

"எங்க அனுப்புற? ஊட்டுக்குத்தான்." அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பாதரச மருந்து தம்பி அது. நெஞ்சில நிக்கிற தண்ணிய இழுத்து மூத்திரமா வெளிய தள்ளும். சுகமானா டாக்டர் ஐயா டிக்கட் வெட்டி, போகச் சொல்லிருவார். நான் வாற பஸ்ஸிலயே, எல்லாரும் எழும்ப முந்தி, அவங்கள ஏத்தி உடுவன். அந்நேரம் சனமில்ல. கால நீட்டிக்கிட்டுப் போவலாம். மூணு பேர அப்புடித்தான் உட்டன்."

"நாலு பேர்னு சொல்றாங்களே?"

அவர் குனிந்து போத்தலைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"நாலாவது ஆளுக்கும் கழுத்து வரைக்கும் தண்ணி வந்திரிந்திச்சு. ஊசிக்குப் பயந்து, நாளைக்கிப் பாப்பம் எண்டார். நானும் சரி எண்டுட்டன். அவருக்கு அந்த நாளைக்கி வரல்ல." போத்தலின் வாயைச் சட்டை நுனியால் துடைத்தார். "உங்க நெஞ்சிலயும் இப்ப அந்தச் சத்தம்தான் கேக்குது தம்பி."

டாக்டர் ஊசியோடு வந்தபோது கையை நீட்டிவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் போத்தல் இரண்டு முறை நிறைந்தது. அவர் வீட்டுக்குப் போகாமல் கட்டிலடியில் குந்தி, "இறங்கு, இறங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு தலையணை போதும் என்றாயிற்று. பிறகு ஒன்று.

மூன்றாம் நாள் விடியும்போது நானும் பஸ் படியில் நின்றேன். காலிக் கட்டிலைப் பார்த்த கங்காணி என் தலையணையை எடுத்துக்கொண்டு எனக்காக இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டிருப்பார். நானா என் சட்டையைத் தூக்கி, கடைசியாக ஒருமுறை காதை வைத்தார். "ஒரு சத்தமும் இல்ல" என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் மௌத்தாகி, அடக்கமாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் மழை இருட்டும் மத்தியானங்களில் மூச்சு கொஞ்சம் இழுத்தால், முதுகில் குளிர்ந்த காது ஒன்று வந்து ஒட்டுகிறது. "கேளுங்க நானா" என்று அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.