புளிப்பு இறக்கும் சாமி

அந்த வருடம் பட்டாசு கம்பெனி வேன்களில் ஒரே பேச்சு. வெம்பக்கோட்டையில் லட்சுமிகாந்தம் சாமி செய்வினையை நாக்கிலேயே காட்டுகிறாராம்! லாட்டரிச் சீட்டு விற்ற மனிதர்தான். அரசாங்கம் லாட்டரியைத் தடை செய்ததும் அருள் வந்துவிட்டது. பிழைப்புப் போனால் சிலருக்கு அப்படித்தான் வரும்.

விடிந்ததும், வந்தவர்களைத் தன் தோட்டத்து ரணகள்ளி இலையை மென்று பார்க்கச் சொல்வார். புளித்தால் வீட்டில் செய்வினை. யாருக்குத்தான் புளிக்கவில்லை! பகலெல்லாம் வெயிலில் நிற்கும் செடிக்குப் பூசை. சாயங்காலம் அதே செடியில் புளிப்பு இருக்காது. செய்வினை இறங்கிவிட்டது, காணிக்கை வைக்கலாம்.

ஏழாயிரம்பண்ணை மாரிசெல்வியும் போனாள். மகள் செல்வலட்சுமிக்கு வலிப்பு. "மாத்திரைய நிப்பாட்டு தாயி, அதுதான் அருளத் தடுக்குது" என்றார் சாமி. நிறுத்தினாள். மறுநாளே பிள்ளைக்கு இழுத்தது. பதறிப்போய், காணிக்கைக்கு மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டு மறுபடி சாமியிடமே கிளம்பினாள்.

வாசலில் மறித்தாள் நாத்தனார் முத்துப்பேச்சி. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள்.

"மொதல்ல பிள்ளைக்கு மாத்திரையக் குடுங்க மதினி. விடியவும் நானும் வாரேன்."

காலையில் சாமி தன் தோட்டத்தில் மாரிசெல்விக்குக் கொடுத்த இலை நன்றாகவே புளித்தது. அந்தச் செடியின் மேல் பேச்சி ஒரு காலிப் பட்டாசுப் பெட்டியைக் கவிழ்த்தாள்.

"பூசைய இதுக்கு மேலயே பண்ணுங்க சாமி. உங்க அருள அட்டையா மறைக்கப் போகுது?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "மலையே மறைக்காது!" என்றார் சாமி.

சாயங்காலம் மற்றவர்களுக்கெல்லாம் செய்வினை இறங்கியது. பேச்சி பெட்டியைத் தூக்கி, ஓர் இலையைக் கிள்ளிச் சாமியிடமே நீட்டினாள். "நீங்களே மென்னு சொல்லுங்க."

மென்றார். முகம் எட்டுக் கோணலாகியது. "புளிப்பே... இல்ல" என்றார், பல் கூச.

மாரிசெல்வி ஒரு துண்டை வாயில் போட்டாள். "அடப்பாவி, காலையில மாதிரியே புளிக்குதே! இத நம்பியா எம்பிள்ள மாத்திரைய நிப்பாட்டுனேன்?"

ஆளாளுக்கு மென்றார்கள். ஆளாளுக்குப் புளித்தது.

"இது செடியோட கொணம்" என்றாள் பேச்சி. "ராத்திரி காத்த இழுத்துப் புளிப்பாச் சேத்து வச்சுக்கிடும். பகல்ல வெளிச்சம் பட்டா, இலைக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைக இருக்கு, அதுக புளிப்ப உள்ள வாங்கிச் செலவழிச்சிரும். வெளிச்சத்த மறைச்சோம், புளிப்பு அங்கனயே நின்னுக்கிருச்சு. மந்திரம் எங்க இருக்கு?"

சாமி கொல்லைப்பக்கமாக மறைந்துவிட்டார். மாரிசெல்வி மூக்குத்தியை மாட்டிக்கொண்டு, அடுத்த மாத மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு நடந்தாள்.

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "காரியாபட்டிப் பக்கம் ஒரு சாமி இருக்காராமே, அவரு எப்பிடி?"

வெளிச்சம் பட்டால் இலைக்கே புளிப்பு இறங்குகிறது. நம் மண்டை மேல் கவிழ்த்த பெட்டியை நாம்தான் தூக்க வேண்டும், ஐயா!