தராசு அண்ணனும் இரண்டு டாக்டர்களும்

ரங்கூனில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். டாக்டரின் மனசு நோகுமே என்று தன் உயிரையே பணயம் வைத்தவர் தராசு அண்ணன் ஒருவர்தான்.

கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்வதற்கு முந்திய காலம். மூன்றாம் வகுப்பு மட்டுமே படித்த நான், லான்மடாப் பேட்டையில் தனி ஆளாக எழுப்பிய பருப்புக் கடையில் அவர்தான் எடை போடுகிறவர். தராசில் ஈ உட்கார்ந்தால் ஈக்கும் எடை சொல்வார்.

அவருக்குப் பழைய வலிப்பு. மாத்திரை தருவது எங்கள் தெருக் கிறிஸ்தவ டாக்டர். திடீரென்று அண்ணன் வாராவாரம் பவுடர் பூசிக்கொண்டு ஊரின் மறுகோடியிலிருந்த கெமண்டைனுக்குக் கிளம்பத் தொடங்கினார். ஆற்றோரம் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று கடையே முடிவு கட்டியது.

கொஞ்ச நாளில் நடை படகாட்டம் ஆடியது. நாக்குக் குழறியது. தராசுத் தட்டு ஊஞ்சலானது.

"ஒங்க ஆளு காலையிலேயே ஏத்திட்டாரு போல!" என்று வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள்.

"நாளையிலேருந்து வராதீங்கண்ணே" என்றேன்.

"தம்பி, மாரியாத்தா சத்தியமா நான் குடிக்கல. இந்தத் தராச விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"எங்க, ஊதுங்க."

ஊதினார். வெற்றிலை வாசனைதான். மூட்டையைப் பிரிக்காமலே பருப்பின் வயசைச் சொல்லும் மூக்கு என்னுடையது, ஏமாறாது. அப்படியே டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒங்கள விட்டுட்டு இன்னொருத்தர்கிட்ட போவேனாய்யா?" என்று கும்பிட்டுக் குனிந்தார். லுங்கி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. டாக்டர் எடுத்துப் பார்த்தார்: காசநோய் மாத்திரை, மேலே கெமண்டைன் டாக்டர் ஒருவரின் முத்திரை. கெமண்டைன் காதலி ஒரு பர்மிய டாக்டர்!

"அடப்பாவி! இந்த மாத்திரை, வலிப்பு மாத்திரைய ஈரல்ல கரைய விடாதுய்யா. தின்னதெல்லாம் ரத்தத்துல சேந்துபோச்சு. அதான் தள்ளாட்டம்."

"புதுச் சரக்கு வாசல அடச்சா பழசு எப்படி வெளிய போகும்? எனக்குப் புரிஞ்சிருச்சு" என்றேன். டாக்டரே அசந்துபோனார்.

"ஏன்யா சொல்லல?"

"ஒரு டாக்டர்கிட்ட இன்னொரு டாக்டர் பேச்ச எடுக்கறது மரியாதையாய்யா?"

இரண்டு டாக்டர்களும் போனில் பேசினார்கள். எதையும் நிறுத்தவில்லை, வலிப்பு மாத்திரையின் அளவை மட்டும் குறைத்தார்கள்.

சில நாள் கழித்து அண்ணன் மறுபடி தராசைப் பிடித்தார். அன்று அவர் முதல் எடை போட்டபோது, முள் நடுவில் நின்றதா என்று நான் கவனிக்கவே இல்லை. அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.