ஸ்கேல் டீச்சரின் காகிதப் பூக்கள்

"எவன்டா அது, காட்டிக்கொடுத்தது?"

மூன்றாம் வகுப்பு ஏ பிரிவுப் பிள்ளைகள் புத்தகத்துக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டார்கள். ஸ்கேல் டீச்சர் மேசையில் ஸ்கேலால் ஓங்கி ஒரு அடி அடித்தார். எதையும் அளந்து பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

விஷயம் இதுதான். ஆண்டு விழாவுக்கு எந்த வகுப்பின் காகித அலங்காரம் நன்றாக இருக்கிறதோ, அது மேடை முகப்பில் ஏறும். மற்றதெல்லாம் கிடைத்த சுவரில். போன வருஷம் டீச்சரின் வகுப்புக்குக் கிடைத்தது கழிப்பறைச் சுவர். பெற்றோரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ரசித்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. "இந்த வருஷம் மேடை நமக்குத்தான்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

நேற்று முழுக்க ரோஜா செய்ய வைத்தார். அந்த மடிப்பு அவரே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது. காலையில் வந்து பார்த்தால் பக்கத்து பி பிரிவு ஜன்னலில் அதே ரோஜா ஜம்மென்று தொங்குகிறது!

"யாராவது அந்த பி பிரிவு சார்கிட்ட போய்ச் சொன்னீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்போ பூவுக்குக் கால் முளைச்சு அதுவா நடந்து போச்சா?"

முன்வரிசையில் முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி புதிதாகச் செய்த ரோஜாவை நீட்டினாள். டீச்சர் அதன்மேல் ஸ்கேலை வைத்து அளந்தார்.

"ஒரு இதழ் நீளம், ஒரு இதழ் குட்டை. கோணல். போடு குப்பையில!"

"என் பூ சிரிக்குது டீச்சர். அதுக்கும் ஒரு பல் இல்ல, பாருங்க."

"பூ எங்கயாவது சிரிக்குமா? போடுன்னா போடு!"

மணி அடித்ததும், நேற்றுப் போலவே நிரம்பி வழிந்த குப்பைக்கூடையைக் காலால் வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்தும் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் வண்ணத்துப்பூச்சி. யாரும் எட்டிப் பார்க்காதபடி ஜன்னல்களைச் சாத்தினார். வெக்கை தாங்கவில்லை. தாளின் சாயம் வேர்வையில் ஊறிக் கைக்கு வந்து, கையிலிருந்து கன்னத்துக்குப் போனது. மின்விசிறியைப் போட்டார். பசை தடவிய இறக்கைகள் பறந்து போய்ப் பிள்ளைகளின் தலையில் உட்கார்ந்தன. பிய்த்தெடுத்ததில் பாதி கிழிந்தது.

"இதுவும் குப்பை! அதுவும் குப்பை! கைன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கெல்லாம்?"

அடுத்த நாள் பி பிரிவு ஜன்னலில் வண்ணத்துப்பூச்சிகள். டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வராந்தாவில் பி பிரிவு சாரை மடக்கினார்.

"வெக்கமா இல்லையா சார்?"

"பசங்க ஆசையா ஒட்டுறாங்க டீச்சர்…" என்று அவர் இழுத்தார். டீச்சர் முழுதாகக் கேட்டால்தானே!

அன்று நட்சத்திரம். இடைவேளைக்கு விடும் முன் ஒவ்வொரு பையையும் சோதனை போட்டார். அகப்பட்டது பாதி கடித்த அழிரப்பரும் ஒரு செத்த வண்டும். பயத்தில் பிள்ளைகளின் கத்தரிக்கோல் அது பாட்டுக்குப் போனது. கூடை இரண்டு முறை நிரம்பியது. ஸ்கேலுக்குத் தப்பிப் பிழைத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதியை டீச்சரே பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். அளவு பிசகாமல் வந்தது. பார்த்தால் பாத்ரூம் டைல்ஸ் மாதிரியும் இருந்தது.

விழாவுக்கு முந்தைய நாள் எல்லா வகுப்புகளும் அரங்கில் கூடின. பி பிரிவின் அலங்காரம் நெட்டையும் குட்டையுமாக, கிழிசலும் ஒட்டுமாக, கலகலவென்று தொங்கியது. பார்த்ததுமே தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது.

"மேடை பி பிரிவுக்குத்தான்!"

"நில்லுங்க மேடம்!" டீச்சர் போட்ட சத்தத்தில் அரங்கமே திரும்பியது. "இது அத்தனையும் எங்க கிளாஸோடது! பச்சைத் திருட்டு!"

"என்ன சார் இது?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

பி பிரிவு சார் தலையைச் சொறிந்தார். "அவங்க சொல்றது உண்மைதான் மேடம். எல்லாமே அவங்க கிளாஸோடதுதான்."

"பாத்தீங்களா, அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரு! எப்படிக் கிடைச்சுதுன்னு கேளுங்க மேடம்!"

"வேணாம் டீச்சர், விட்டுடுங்க."

"விடமாட்டேன்! இத்தனை பேர் முன்னாடியும் இப்பவே சொல்லியாகணும்!"

சார் வாயைத் திறந்தார். அதற்குள் ஏ பிரிவு வரிசையிலிருந்து பல் விழுந்த சிறுமி மேடையைக் காட்டிக் குதித்தாள்.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே மேடை நமக்குத்தான்! நட்டநடுவுல சிரிக்குது பாருங்க, நீங்க குப்பையில போடச் சொன்ன என் பூ!"