அன்ரன் அண்ணைக்கு மேல் பதிந்த அல்பம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமைக்கு நேரே என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "ரெஜியின் கசெற் தயார். பிற்பகல் 2.10க்குத் தொடங்கி 3.15க்கு முடிந்தது. இரு பக்கமும் பிசகில்லாமல் நிரம்பின. மிகவும் திருப்தி."

அந்தக் கடைசி இரண்டு சொற்களை அடித்துவிடப் பல தடவை பேனாவை எடுத்திருக்கிறேன். ஆவணத்தைத் திருத்தக்கூடாது என்பது என் கொள்கை. (அந்த வயதில் எனக்குக் கொள்கைகள் அதிகம், காது குறைவு.)

ரெஜி என் நண்பன். நியூசிலாந்தில், ஒக்லண்டில் பஸ் ஓட்டினான். யாழ்ப்பாணத்தில் அவனும் அவன் அண்ணன் அன்ரனும் ஒரு பிரித்தானிய ரொக் குழுவுக்கு அடிமைகளாக வளர்ந்தவர்கள். சண்டைபிடித்துப் பிரிந்த அந்தக் குழு, தலை நரைத்த பிறகு மறுபடி சேர்ந்து புது அல்பம் ஒன்று வெளியிட்டது. மனுகாவ் கடைக்கு வந்த அன்றே சீடியை வாங்கிவிட்டேன். ரெஜியிடம் இருந்ததோ கசெற் பிளேயர் மட்டும்.

அதே வாரம், யாழ்ப்பாணத்திலிருந்து ஒக்லண்டின் ஒடாஹுஹுவுக்கு வந்திறங்கிய செல்வராணி அக்கா, அன்ரன் தன் தம்பி ரெஜிக்குக் கொடுத்துவிட்ட கசெற் ஒன்றை என்னிடம் தந்தார். அதே குழுவின் பழைய அல்பம். இரண்டு நிமிடம் கேட்டேன். ஒரே இரைச்சல். அண்ணன் அனுப்பிய கசெற்றிலேயே புதியதைப் பதிந்து கொடுத்தால் ரெஜி உருகிவிடுவான் என்று தோன்றியது.

ஞாயிறு பின்னேரம், மாசி என்ற புறநகரில் ரெஜி வீடு. கசெற்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாவது பாட்டில் தொலைபேசி அடித்தது. செல்வராணி அக்கா.

"ஓம் அக்கா, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம்," என்றான் ரெஜி. பிறகு, "ஓம்... ஓம்..." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"முதல் ரெண்டு பாட்டும் சோதனைச் சாவடிக்காரருக்காம். மூண்டாவதில இருந்து அண்ணை கதைக்கிறாராம். எங்கயடா அண்ணை?"

நான் செய்த கைங்கரியத்தைச் சொன்னேன்.

"நேரமெல்லாம் எழுதி வைக்கிற ஆளெல்லே நீ. முழுசாக் கேட்டனியோ?"

"ரெண்டு நிமிசம்."

"ரெண்டு பாட்டுப் பொறுக்க ஏலாமப் போச்சு அவருக்கு," என்றாள் அவன் மனைவி ஜெயா.

பாட்டுக்குப் பின்னால் கடிதத்தை ஒளித்து அனுப்புவது அப்போது எங்கள் ஆட்களிடம் வழக்கம். எனக்குத் தெரியாததல்ல. என் மாமாவே அப்படி அனுப்பியிருக்கிறார்.

ரெஜி கத்தவில்லை. கடைசிப் பாட்டுவரை கேட்டான். "பாட்டுக்காரன்ர குரல் இறங்கிப்போச்சு," என்று மட்டும் சொன்னான்.

தாய் தகப்பன் இல்லாத அன்ரன், தான் விரும்பிய பெண்ணைக் கட்டத் தம்பிக்குச் சம்மதமா என்று அதில் கேட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. ரெஜியின் விளக்கக் கடிதம் போய்ச்சேர மாதங்கள் பிடித்தன. அதற்குள், பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அவர் கல்யாண நாளைத் தள்ளிவைத்துவிட்டார். கடைசியில் கல்யாணம் நடந்தது. ஆனால் பெண்ணின் தகப்பனார் அதைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார். இதைச் சிரித்துச் சமாளிக்க என்னிடம் பகிடி எதுவும் இல்லை.

இன்றும் அந்த வீட்டில் நான் ரிமோட்டைத் தொட்டால், ரெஜியின் மகள் "அங்கிள், டோன்ட் ரெக்கோர்ட்" என்கிறாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

மின்சாரம் இல்லாத ஊரில், அந்தப் பதிவுக்காக டைனமோச் சைக்கிளை மிதித்தவர், பிறகு அன்ரனின் மனைவியான அந்தப் பெண்தானாம். கசெற்றின் முடிவில் அன்ரன் தம்பிக்காக ஒரு பாட்டுப் பாடினார் என்கிறார் அவர். தான் பாடவேயில்லை என்கிறார் அன்ரன். எது சரி என்று இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.