ஒழுகாத பம்ப்

அரைகுறையாகப் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். ஒன்றும் தெரியாதவன் பயந்து ஒதுங்கிவிடுவான். முழுக்கத் தெரிந்தவன் தேவையில்லாமல் தொடமாட்டான். நடுவில் நிற்கிறவன்தான் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். அறுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில் நான் அப்படித்தான் கிளம்பினேன்.

கணியம்பாடியில் நிலக்கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. தொழிற்பயிற்சிச் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, குடிநீர்த் திட்டத்தில் பராமரிப்பு அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். வேலை காவலூருக்கு அப்பால் ஒரு மலையூரில். ஓடைக்கரையில் ஒரு கொட்டகை, அதற்குள் டீசல் இன்ஜினும் பம்பும். அங்கிருந்து இரும்புக் குழாய் மலையேறி, ஊருக்கு மேலே மேட்டில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து ஊர் நடுவே ஒரே ஒரு தெருக்குழாய். அதுவரை அந்த ஊர்ப் பெண்கள் ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் சுமந்துதான் ஏறினார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் ரஹீம் பாய், வாணியம்பாடிக்காரர். என்னைவிட நாலு வயதுதான் கூட. அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் பாதி என் அறிவைப் பற்றியதாக இருக்கும். (பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.)

நானோ மலைக்குப் போன நாளிலிருந்து கனவில்தான் நடமாடினேன். காலையில் கதவைத் திறந்தால் மேகம் வாசலில் நிற்கும். சாமை வயல்கள் அதற்குள் மெல்லத் தெரியும், மறுபடி மறையும். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வெள்ளையைப் பார்த்தபடி உட்கார்ந்தால் எனக்கு என்னென்னவோ தெரிந்தது. தொப்பி வைத்த நான், ஜீப்பிலிருந்து இறங்கும் நான், தண்ணீரைப் பார்த்து ‘ஏறு’ என்று கைகாட்டும் நான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட மூன்றாவது தடவைதான் காதில் விழும்.

குழாய்த் திறப்பு விழாவுக்கு முதல் நாள், பெரிய அதிகாரியை அழைத்துவர ரஹீம் பாய் திருப்பத்தூர் புறப்பட்டார். கழுவிக் காயவைத்திருந்த தொட்டியை நான் நிரப்பி வைக்க வேண்டும். விஷயம் விளையாட்டு இல்லை. அவ்வளவு மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்று மேலிடத்தில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. விழாவன்று குழாயில் தண்ணீர் வராவிட்டால் இன்ஜினைக் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

“இன்ஜினை ஓட வுட்டுட்டு சும்மா குந்தினு இரு. எதையும் தொடாத,” என்று சொல்லிவிட்டு பாய் லாரி ஏறினார்.

சும்மா குந்தியிருக்கவா நான் சான்றிதழ் வாங்கினேன்?

இன்ஜினை ஓட்டினேன். பம்பின் சுழலும் தண்டு உள்ளே நுழைகிற இடத்தில், கொழுப்புத் தடவிய கயிறு ஒன்றைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். அந்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு மண்சட்டி. பக்கத்து வயல்காரப் பொன்னி அக்கா தன் கோழிகளுக்காக வைத்தது.

புத்தம்புது பம்ப் ஒழுகலாமா? நாளைக்கு அதிகாரி பார்த்தால் என்ன நினைப்பார்? ஸ்பேனரை எடுத்து, கயிற்றை அழுத்திப் பிடித்திருந்த இரண்டு நட்டையும் இறுக்கினேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் அரைச் சுற்று. சொட்டு நின்றது.

சட்டியை எடுக்க வந்த பொன்னி அக்கா என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, தண்ணி நின்னுபோச்சு? பாய் ஓட்டிப் பாக்கறப்ப எப்பவும் சொட்டிக்கினே இருக்குமே.”

கோழிக் கவலை என்று நினைத்து, ஒழுகல் ஒரு வியாதி, அதை நான் குணப்படுத்திவிட்டேன் என்று விளக்கினேன். படித்த பிள்ளை சொல்கிறது என்று அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

வெளியே பாறைமேல் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கொட்டகைக் கதவு வழியே வெள்ளையாக மேகம் வந்தது. அடடா, இன்றைக்கு மேகம் நம் கொட்டகைக்குள்ளிருந்தே புறப்படுகிறதே என்று ரசித்தேன். ஊருக்கு எழுதும் கடிதத்தில் இதை எப்படி வர்ணிக்கலாம் என்று யோசித்தேன். மேகத்துக்கு ஏன் கருகிய நாற்றம் என்ற கேள்வி சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், கயிறு கருகித் தண்டைக் கவ்விக்கொண்டிருந்தது. இன்ஜினையும் பம்பையும் இணைத்திருந்த பெல்ட் கழன்று மூலையில் கிடந்தது. இன்ஜின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. குழாயில் தண்ணீர் பாதி மலை ஏறி நின்றிருக்கும். தொட்டியில் ஒரு பொட்டு இல்லை. பத்தொன்பது வயது, அரும்பு மீசை எல்லாம் இருந்தும் வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு வந்த பொன்னி அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நாளை இன்ஜின் போய்விடும் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நாளைக்கு கொஞ்ச நேரம் தண்ணி வந்தா போதுமில்ல? இத்தினி வருசம் சுமந்தோம், இன்னும் ஒரு நாள் சுமக்க மாட்டமா? எழுந்திரு,” என்றார்.

பதினோரு பெண்கள் வந்தார்கள். ஓடையிலிருந்து குடங்கள் வரிசையாக மேகத்துக்குள் ஏறி மறைந்தன, காலியாக இறங்கி வந்தன, மறுபடி ஏறின. நானும் சுமந்தேன். என் குடத்தில் பாதி சட்டைக்கும் பாதி தொட்டிக்கும் போயிற்று. அறுபது குடம் ஊற்றியபின் தெருக்குழாயைத் திறந்து பார்த்தால் ‘புஸ்’ என்று காற்று மட்டும் வந்தது. வண்டல் இறங்காமல் இருக்க, தொட்டியில் குழாய் வாயைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் கணக்கில் சேராது. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண்கள் அப்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பொழுது சாயும்வரை சுமந்தோம்.

மறுநாள் ஜீப் வந்தது. முதலில் பம்பைப் பார்க்கலாமே என்று அதிகாரி ஓடைப்பக்கம் இரண்டடி வைத்தார். பொன்னி அக்கா முன்னால் வந்து, “போன வாரந்தான் அங்க கரடி வந்துச்சிங்க,” என்றார். அதிகாரி உடனே திரும்பிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது.

“இனிமேல் நீங்கள் யாரும் தலையில் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை,” என்று அவர் முழங்கினார். பதினோரு பேரும் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள். பிறகு, பாவம், எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்கள். இன்ஜின் ஊரிலேயே தங்கியது.

இன்ஜின் சத்தம் கேட்காததால் சந்தேகப்பட்ட ரஹீம் பாய், கூட்டத்திலிருந்து நழுவிக் கொட்டகைக்குப் போய்வந்து, கருகிய கயிற்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

“அந்தச் சொட்டுதான்டா இத குளிர வெக்குது. நீ அதோட மூச்ச அடைச்சிட்ட,” என்றார். தொட்டி எப்படி நிரம்பியது என்று கேட்டார். சொன்னேன். பெண்களை வெகுநேரம் பார்த்தார். மேலிடத்துக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. பம்ப் சரியாகும்வரை நானும் அவர்களோடு குடம் சுமக்க வேண்டும் என்று மட்டும் உத்தரவு போட்டார். ஐந்து நாள் சுமந்தேன்.

சில வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குப் பொன்னி அக்கா மலையிலிருந்து தேனும் சாமையுமாக இறங்கி வந்தார். மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். மகளுக்குக் கல்யாணமாகி, எஞ்சினியர் மாப்பிள்ளை முதல் விருந்துக்கு வந்திருந்தபோது, “நீங்க பார்த்த முதல் பம்ப் எத்தனை ஹார்ஸ் பவர் மாமா?” என்று மரியாதையாகக் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவியின் பதில் வந்துவிட்டது.

“குதிரைல்லாம் இல்லீங்க மாப்ள. பதினோரு பொம்பளைங்க.”