சூறாவளி பூட்டிய டிஸ்க்

வணக்கம் கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியம்தானே? இருமல், முதுகுவலி ஒன்றும் இல்லையே? அப்படியானால் சாய்ந்து உட்காருங்கள். எங்கள் மாடி வீட்டு லிப்ட் மெக்கானிக் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை. அவன் டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் ரேஸ் டிஸ்க்கை கேம் மெஷினுக்குள் ஏழாவது முறையாகத் தள்ளினான். பக்கத்தில் அதன் பெட்டி, உடைந்த மூலையில் பச்சை டேப் ஒட்டிக் கிடந்தது.

ஏழாவது முறையும் திரையில் அதே வாசகம்: "இந்த விளையாட்டு 'சூறாவளி' என்பவர் பெயரில் பதிவாகியுள்ளது. அவர் விடுவிக்க வேண்டும். இல்லையேல் நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டும்."

கட்டணம் எவ்வளவு தெரியுமா? புது டிஸ்க் விலையில் முக்கால்வாசி!

"நாளைக்கு அப்பா வர்றார், ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் மனைவி.

மறக்குமா? சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து மூன்று வருஷமாக மாமனார் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போனை அவன் எடுத்தால் பட்டென்று வைத்துவிடுவார். டிவியில் கார் ரேஸ் ஓடினால் அப்பா சாப்பாட்டையே மறந்துவிடுவார் என்று அவள் சொன்னதை நம்பித்தான் இந்த ஏற்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினால் ஒரு "ம்" ஆவது வராதா?

கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"பூட்டியிருக்குன்னு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே தம்பி. மெஷின்லயே அந்த ஆளுக்கு மெசேஜ் போடுங்க. மனசு வெச்சா விடுவிப்பார், ஓசியிலயே."

போட்டான். உடனே பதில் வந்தது: "எதுக்கு?"

அவசரத்தில் புளுகிவிட்டான். "என் மாமனாருக்கு உடம்பு முடியல சார். கடைசி ஆசை."

"அடடா. என்ன வியாதி?"

"நெஞ்சு."

"எந்த ஆஸ்பத்திரி?"

மனைவி எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி! எங்கப்பாவைப் படுக்கையில போட்டுட்டியே! உண்மையைச் சொல்லித் தொலை!"

உண்மை, பொய்யைவிட மோசமாக வந்து விழுந்தது. "மன்னிச்சுக்கோங்க சார். அவர் குத்துக்கல்லாட்டம் நல்லாத்தான் இருக்கார். லிப்ட் ரிப்பேர் பண்றவன் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டான்னு மூணு வருஷமா என்கிட்ட பேச்சில்ல. அவ்ளோ வீம்பு. நாளைக்கு வர்றார். ஒரு வார்த்தை பேசினாப் போதும் சார்."

அதோடு எதிர்ப்பக்கம் கப்சிப்.

மத்தியானம் வரை பொறுத்தவன், போனால் போகிறது என்று கட்டணம் கட்டவே துணிந்தான். கார்டு நம்பரை மூன்று தடவை தப்பாக அடித்தான். "இருபத்துநாலு மணி நேரம் கழித்து முயலவும்" என்றது மெஷின்.

"லிப்டுக்குள்ள மாட்டினவங்களை அஞ்சே நிமிஷத்துல வெளியே எடுப்பியே," என்றாள் மனைவி. "இந்தக் காரை எடுக்க முடியல."

சாயங்காலம் 'டிங்' என்றது. "விடுவிச்சாச்சு. மாமனார் உடம்பைப் பாத்துக்கோங்க."

அவன் குதித்த குதியில் கீழ்வீட்டு ஃபேன் ஆடியது!

மறுநாள் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனார் யாரையும் பார்க்காமல் டிவி முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தார். இவனும் இன்னொன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் திருப்பத்திலேயே இவன் கார் வயலுக்குள் பாய்ந்தது.

"இடது பக்கம் ஒடிங்க, மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை! கதவருகே நின்ற மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டு மாமனாரும் மாப்பிள்ளையும் எதில் ராசியானார்கள்? மறக்காமல் எனக்கு எழுதுங்கள். அட, முக்கியமானதை விட்டுவிட்டேனே! அந்த நேரம் பார்த்து மாமியார் கீழே கிடந்த பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இது நான் ஒட்டின பச்சை டேப் ஆச்சே? கூட விளையாட ஆளில்லைன்னு போன மாசம் நீங்க கடையில போட்டுட்டு வந்தது இதைத்தானே?"